கருவிகளுக்கு ஞாபகசக்தி வந்த கதை

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் பக்கம் போகிறவர்களுக்குச் சிலமலையும் ராசிங்கபுரமும் பழகிய ஊர்கள். மேற்கே பார்த்தால் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில், பொட்டிப்புரத்தை ஒட்டிய அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கத் திட்டம் போட்ட பிறகுதான் இந்த வட்டாரத்தின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது.

அந்தத் திட்டம் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு தரப்பிலும் நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே பார்க்கப் போவது அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன விஷயம். ஒரு கருவி ஓர் அளவைக் காட்டுகிறது. அப்போது அந்தக் கருவி எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தது, அதாவது அதன் செட்டிங் என்ன என்பதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? மனிதனா, காகிதமா, கருவியேவா? இந்தக் கேள்விக்குச் சுமார் நூறு வருட வரலாறு இருக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் தொடங்கி போடி மலை வரைக்கும் அது வருகிறது.

சல்லடைக் கண்ணும் ஏலக்காய் விலையும்

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். போடியில் ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். "கிலோ இவ்வளவு ரூபாய்க்குப் போனது" என்று மட்டும் ஒருவர் சொன்னால் கேட்பவர் சும்மா இருக்க மாட்டார். எத்தனை மில்லிமீட்டர் காய், லிட்டர் எடை எவ்வளவு என்று கேட்பார். 8 மி.மீ. சல்லடையில் நின்ற காய்க்கும் 6 மி.மீ. சல்லடையில் நின்ற காய்க்கும் விலை வேறு. சல்லடைக் கண்ணின் அளவு தெரியாமல் விலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மின்னணு சோதனைக் கருவிகளிலும் இதே கதைதான். கல்லூரி ஆய்வகங்களில் சி.ஆர்.ஓ. என்று அழைக்கப்படும் ஆசிலோஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அது திரையில் அலையாக வரைந்து காட்டும். திரையில் கட்டங்கள் இருக்கும். அலை மூன்று கட்டம் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அது 3 வோல்ட்டா, 3 மில்லிவோல்ட்டா, 30 வோல்ட்டா? திரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "ஒரு கட்டத்துக்கு இத்தனை வோல்ட்" என்று குமிழ் எந்த இடத்தில் திருகி வைக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்தால்தான் சொல்ல முடியும். அகலத்துக்கும் அப்படியே ஒரு குமிழ், அது நேரத்துக்கு. அலை எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ட்ரிகர் என்பதற்கு இன்னொன்று.

ஆக அளவீட்டில் பாதி திரையில் இருக்கிறது. மீதிப் பாதி குமிழ்களில் இருக்கிறது. யாராவது வந்து குமிழைத் திருகிவிட்டால் அந்தப் பாதி போய்விட்டது.

நோட்டுப் புத்தகக் காலம்

ஆசிலோஸ்கோப்பின் மூதாதை 1897-ல் ஜெர்மானியரான கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கதோடு கதிர்க்குழாய். நம் வீடுகளில் பல வருடம் இருந்த பழைய டிவி பெட்டியின் படக்குழாயும் அதன் வாரிசுதான். 1946-ல் அமெரிக்காவில் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த வருடம் வந்த அதன் 511 மாடலுக்குப் பிறகு ஆசிலோஸ்கோப் ஒரு துல்லியமான அளவுக் கருவியாக ஆய்வகங்களில் பரவியது.

அந்தக் காலக் கருவிகளுக்கு ஞாபகம் என்பதே கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் செட்டிங். மின்சாரம் போய் வந்தாலும் குமிழ் அதே இடத்தில் நிற்கும் என்பது ஒரு வசதி. ஆனால் நேற்றைய செட்டிங் என்ன என்று கேட்டால் நோட்டுப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும். அலையை கிராஃப் தாளில் வரைந்து, பக்கத்தில் "ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட்" என்று எழுத வேண்டும்.

பிறகு திரையின் முன்னால் ஒரு கேமராவை மாட்டிப் படம் எடுக்கும் வழக்கம் வந்தது. உடனடியாகப் படம் தரும் போலராய்டு ஃபிலிம் இதற்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஆனால் படத்தில் அலை விழும், குமிழ் விழாது. படத்தின் ஓரத்தில் பேனாவால் எழுத மறந்துவிட்டால் அடுத்த மாதம் அது அழகான வளைகோடு மட்டும்தான்.

கோலாரில் 1965

இந்தப் பின்னணியில் கோலாரை நினைத்துப் பார்க்க வேண்டும். மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1950-களின் தொடக்கத்திலிருந்தே கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி காஸ்மிக் கதிர்களை அளந்து வந்தார்கள். பி.வி. ஸ்ரீகண்டன் அந்த வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவர். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த சுரங்கம் அது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் அவ்வளவு ஆழம்? வானத்திலிருந்து சதா மழைபோல் விழும் மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் பாறையைப் பொருட்படுத்தாமல் வரும். 1965-ல் தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்திய சோதனையில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவின் அடையாளம் பதிவானது. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், ஒசாகாவைச் சேர்ந்த மியாகே, டர்ஹாமைச் சேர்ந்த வொல்ஃபெண்டேல் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸின் குழுவும் இதைக் கண்டது.

கருவி எப்படி வேலை செய்தது? நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒளிர்வான்கள். அவற்றில் ஒரே நேரத்தில் சிக்னல் வந்தால் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்துபோன பாதையில் இருந்த குழாய்கள் மட்டும் பளிச்சென்று எரியும். கேமரா அதைப் படம் பிடிக்கும்.

முடிவு ஃபிலிமில் இருக்கிறது. ஆனால் எத்தனை வோல்ட் கொடுக்கப்பட்டது, எவ்வளவு சிறிய சிக்னல் வரை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதெல்லாம் ஃபிலிமில் இல்லை. அதைக் கருவி ஞாபகம் வைத்துக்கொள்ளும் காலமும் அது இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு சில நிகழ்வுகள்தான் கிடைக்கும் என்பதால் முதல் மாதம் இருந்த நிலையும் கடைசி மாதம் இருந்த நிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். அதை உறுதி செய்தது மனிதர்களின் ஒழுங்கும் அவர்கள் எழுதிய குறிப்புகளும்தான். கோலார் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டுவிட்டது. 1965 முடிவுகள் இன்றும் நிற்கின்றன.

கருவி பேசக் கற்றுக்கொண்டது

1969-ல் டெக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட 7000 வரிசை ஆசிலோஸ்கோப்களில் ஓர் அழகான தீர்வு இருந்தது. குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் திரையிலேயே எழுத்தும் எண்ணுமாகக் காட்டினார்கள். இப்போது படம் எடுத்தால் அலையும் செட்டிங்கும் ஒரே படத்தில் விழும். பேனா தேவையில்லை. கேட்க எளிமையாக இருந்தாலும், கருவி தன் நிலையைத் தானே சொல்லிக்கொண்டது பெரிய மாற்றம்.

அதே காலத்தில் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் தன் கருவிகளைக் கணினியோடு இணைக்க ஒரு கேபிள் முறையை வளர்த்தது. அது 1975-ல் ஐ.இ.இ.இ. 488 என்ற தர நிர்ணயமாக ஆனது. ஆய்வகங்களில் அதை ஜி.பி.ஐ.பி. என்பார்கள். ஒரே இணைப்பில் 15 சாதனங்கள் வரை சேர்க்கலாம். குமிழைக் கையால் திருகாமல், "ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட் வை" என்று கணினியே கட்டளை அனுப்பலாம்.

ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் ஒவ்வொரு பாஷை பேசியது. 1987-ல் வந்த 488.2 தரம் சில பொதுவான கட்டளைகளை வகுத்தது. இப்போதைய நிலையைச் சேமித்து வை என்பதற்கு ஒரு கட்டளை, சேமித்ததைத் திரும்பக் கொண்டு வா என்பதற்கு ஒன்று, உன் முழு நிலையையும் எழுதிக் கொடு என்று கேட்க இன்னொன்று. எந்த நாட்டில் தயாரான கருவியாக இருந்தாலும் இந்த வார்த்தைகள் ஒன்றே. மனிதனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து கருவியின் ஞாபகத்துக்கு வேலை கைமாறியது இங்கேதான்.

பேட்டரியும் ஃப்ளாப்பியும்

சரி, கருவி எங்கே எழுதி வைத்தது? 1980-களில் பெரும்பாலும் சிறிய நினைவகச் சில்லுகளில். அவற்றுக்கு ஒரு பிரச்சினை. மின்சாரம் போனால் எல்லாம் அழிந்துவிடும். அதனால் கருவியின் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரியை வைத்தார்கள். சுவிட்சை அணைத்தாலும் அந்த பேட்டரி ஞாபகத்தைக் காப்பாற்றும். சுமார் பத்து வருடம் தாங்கும்.

பத்து வருடம் கழித்து? பயனாளர் சேமித்த செட்டிங் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் சில மாடல்களில் தொழிற்சாலையில் போட்ட கேலிபரேஷன் எண்களும், அதாவது கருவி எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் எண்களும், இதே மாதிரிச் சில்லுகளில் இருந்தன. பேட்டரி தீர்ந்தால் அவையும் போய்விடும். கருவி பார்க்க அப்படியே இருக்கும், திரை எரியும், அலை வரும், காட்டும் எண்ணைத்தான் நம்ப முடியாது. பழைய ஆசிலோஸ்கோப் பழுது பார்ப்பவர்கள் பேட்டரியைத் தொடும் முன் அந்த எண்களை நகல் எடுத்துக்கொள்வது இதனால்தான். மின்சாரமே இல்லாமல் ஞாபகம் வைத்திருக்கும் ஈ.ஈ.பி.ராம், ஃப்ளாஷ் சில்லுகள் மலிவான பிறகு இந்தத் தலைவலி குறைந்தது. ஃப்ளாஷ் நினைவகத்தை உருவாக்கிய ஜப்பானியர் ஃபுஜியோ மசுவோகா அதை உலகுக்கு அறிவித்தது 1984-ல்.

சில்லில் சேமிப்பதில் இன்னொரு குறை, பல கருவிகளில் பத்து இடங்கள் மாதிரிதான் இருக்கும். ஒரே ஆய்வகத்தில் பத்து பேர் வேலை செய்தால் ஆளுக்கு ஒரு எண். 3-ம் எண்ணில் யாராவது மாற்றி எழுதிவிட்டால் முன்பிருந்தவர் கதி அதோகதி. 1990-களில் ஆசிலோஸ்கோப்களின் முகப்பிலேயே மூன்றரை அங்குல ஃப்ளாப்பி டிரைவ் வந்தது. 1.44 மெகாபைட் என்பது இன்று ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. செட்டிங் ஃபைல் என்பது சில கிலோபைட்தான் என்பதால் ஒரு ஃப்ளாப்பியில் தாராளமாக நூறு சேமிக்கலாம். அவரவர் ஃப்ளாப்பி அவரவர் பையில்.

பிறகு ஃப்ளாப்பிக்கும் வயதாயிற்று. ஈரம், பூஞ்சை, காந்தம் எல்லாமே அதற்கு எதிரி. சோனி நிறுவனம் 2011-ல் ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது. அந்த இடத்தை யு.எஸ்.பி.யும் நெட்வொர்க்கும் பிடித்தன. ஒரு வட்டில் பத்திரமாகச் சேமித்தது, அதைப் படிக்கும் இயந்திரம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளாப்பி நல்ல பாடம். அந்த விஷயத்தில் கோலார் காலத்து நோட்டுப் புத்தகம் ஃப்ளாப்பியை ஜெயித்துவிட்டது. காகிதத்தைப் படிக்கக் கண் போதும்.

ஞாபகம் இருந்தால் மட்டும் போதுமா?

கருவிக்கு ஞாபகம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. ஆசிலோஸ்கோப்பில் பிரோப் என்று ஒரு தொடுமுனை உண்டு. சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அனுப்பும் வகை ஒன்று, அப்படியே அனுப்பும் வகை ஒன்று. "பத்தில் ஒரு பங்கு" என்ற செட்டிங்கைச் சேமித்து வைத்துவிட்டு, மறுநாள் வேறு பிரோப்பை மாட்டி பழைய செட்டிங்கை எடுத்தால், பிரோப்பைத் தானே அடையாளம் காணும் வசதி இல்லாத கருவி பத்து மடங்கு தப்பாகக் காட்டும். தப்பு என்று ஒரு விளக்கும் எரியாது. தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் கருவி சேமிக்கிறது. வெளியே உண்மையில் என்ன மாட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நியூட்ரினோ ஆராய்ச்சியிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. 2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்குள் இருந்த ஓபரா குழு ஓர் அறிவிப்பு செய்தது. ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் பாறை வழியாக வந்த நியூட்ரினோக்கள், ஒளியைவிடச் சுமார் 60 நானோ விநாடி முன்னதாக வந்துவிட்டன என்றது. ஐன்ஸ்டைன் தப்பா என்று உலகமே பேசியது.

2012 தொடக்கத்தில் காரணம் தெரிந்தது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிளின் இணைப்பு சரியாகத் திருகப்படவில்லை. கணினியில் பதிவான எந்தச் செட்டிங்கிலும் அந்தத் தளர்ந்த திருகு இல்லை.

அதைவிட சுவாரஸ்யம், எப்போதிலிருந்து தளர்ந்திருந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது. அதே மலைக்குள் எல்.வி.டி. என்று இன்னொரு கருவி பல வருடங்களாகத் தனியே இயங்கி வந்தது. எப்போதாவது ஒரு மியூவான் துகள் இரண்டு கருவிகளையும் ஒரே ஓட்டத்தில் கடந்து போகும். இரண்டின் பழைய பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, 2008 நடுவிலிருந்து 2011 கடைசி வரை ஓபராவின் கடிகாரம் சுமார் 73 நானோ விநாடி விலகியிருந்தது தெரிந்தது. வேறு வேலைக்காக எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த பழைய பதிவுதான் காப்பாற்றியது. வங்கியின் பாஸ்புக்கையும் நிறுவனத்தின் ரொக்கப் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் மாதிரி என்று வணிகவியல் மாணவர்கள் புரிந்துகொள்ளலாம். ஒரே ஆள் எழுதிய ஒரே கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது தன்னைத்தானே தணிக்கை செய்துகொள்ள முடியாது.

பொட்டிப்புரத்துக்கு வருவோம்

போடி மலைக்குள் வைக்கத் திட்டமிட்ட கருவியின் பெயர் ஐகேல். காந்தமாக்கப்பட்ட இரும்புத் தகடுகள், மொத்தம் 50,000 டன். தகடுகளின் இடுக்கில் கண்ணாடியால் ஆன ஆர்.பி.சி. என்ற உணர்கருவிகள் சுமார் 30,000. ஒவ்வொன்றும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 10,000 வோல்ட். மொத்தம் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட சிக்னல் வழிகள். எவ்வளவு சிறிய சிக்னலை ஏற்கலாம், எதைக் கழித்துவிடலாம் என்ற வரம்பைக் கருவி முழுக்கவும் நிர்ணயிக்க வேண்டும். காற்றழுத்தமும் வெப்பமும் மாறினால் ஆர்.பி.சி. நடந்துகொள்ளும் விதமும் மாறும் என்பதால் அவற்றையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். கோலார் பாணியில் இதை நோட்டில் எழுத ஓர் ஊரே உட்கார வேண்டியிருக்கும். கணினியின் தரவுத்தளம் இல்லாமல் இது முடியாது.

இதன் சிறிய மாதிரி ஒன்று, 85 டன் எடையுள்ள மினி ஐகேல், 2018-ல் மதுரையில் இயங்கத் தொடங்கியது. போடித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பது அதில் முக்கியமான விஷயம். 2018-ல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மீண்டும் அனுமதி தந்தது. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. குகை இதுவரை தோண்டப்படவில்லை.

அடிவாரத்து மக்களின் பயம் நியூட்ரினோவைப் பற்றி மட்டும் இல்லை. வெடி வைத்தால் மலை அதிருமா, கிணற்றில் தண்ணீர் இறங்குமா, அணைகளுக்கு ஆபத்தா என்பதும்தான். இதற்கெல்லாம் பதில் கடைசியில் கருவிகளின் எண்ணாகத்தான் வரும். அங்கேதான் செட்டிங் விஷயம் விஞ்ஞானிகளின் மேஜையிலிருந்து ஊர்ச் சாவடிக்கு வருகிறது.

வெடி அதிர்வை அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். அது எப்போதும் பதிவு செய்துகொண்டே இருக்காது. "இந்த அளவுக்கு மேல் அதிர்ந்தால் மட்டும் பதிவு செய்" என்று ஒரு ட்ரிகர் வரம்பு வைப்பார்கள். அதற்குக் கீழே அதிர்ந்தால் பதிவே இருக்காது. "கருவியில் எதுவும் பதிவாகவில்லை" என்று அறிக்கை சொன்னால், அதிர்வே இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், வரம்பு உயரமாக வைக்கப்பட்டிருந்தது என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டில் எது என்று அறிக்கையின் எண் சொல்லாது. அன்றைக்குச் சேமித்து வைத்த செட்டிங் ஃபைல்தான் சொல்லும். திட்டம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் அந்த ஃபைல் சமமாக உதவும். குவாரி, சுரங்கச்சாலை, ஆலைப் புகை, ஆற்று நீர் என்று எந்த விவகாரத்துக்கும் இது பொருந்தும்.

அரசு அலுவலகத்திலோ பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ ஓர் அளவீட்டைக் காட்டினால், கருவியின் செட்டிங் என்ன, கடைசியாகக் கேலிபரேஷன் செய்த தேதி என்ன, அந்தப் பதிவு எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது, வேறொரு கருவியின் பதிவோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எத்தனை மில்லிமீட்டர் காய் என்று கேட்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியும் சுலபமாகவே வரும்.